கொழுந்தைக் காயவைத்த காற்று

டீ பேக்டரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ரோலர் முன்னால் நின்றுதான் படம் எடுப்பார்கள். வட்ட மேசை, அதன்மேல் ஆடி ஆடிச் சுற்றும் தொட்டி, பச்சை இலை நசுங்கும் வாசனை என்று அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது. ட்ரையர் பக்கம் வந்தால் யாரும் நிற்பதில்லை. பெரிய இரும்புப் பெட்டி, வெக்கை, காதை அடைக்கும் இரைச்சல், அவ்வளவுதான். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. பல வருடமாக எனக்குப் பிழைப்பே அந்தப் பெட்டியோடுதான் என்பதால் இந்த ஓரவஞ்சனை கொஞ்சம் உறுத்தும். சுற்றிக் காட்டும் பையன்கூட, "இது ட்ரையருங்க, இதுல இலை காயும், வாங்க அடுத்ததைப் பார்க்கலாம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறான்.

நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் பழைய பேக்டரிகளுக்குள் போனால், ட்ரையர் அடுப்பின் வார்ப்பிரும்பில் 'சிரோக்கோ' என்ற பெயர் புடைத்து நிற்பதைப் பார்க்கலாம். கூடவே பெல்ஃபாஸ்ட் என்ற ஊர்ப்பெயரும் இருக்கும். என் அப்பா இலங்கையில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தவர். மலைநாட்டில் டீ பேக்டரிக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்து, தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். நாடு மாறியது, அடுப்பில் இருந்த பெயர் மாறவில்லை. யார் இந்த சிரோக்கோ என்று நான் தேட ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம்.

சிரோக்கோ என்பது ஆள் பெயரில்லை. சகாரா பாலைவனத்திலிருந்து மத்திய தரைக்கடல் பக்கம் அடிக்கும் அனல்காற்றின் பெயர். அதைத் தன் இயந்திரத்துக்கு வைத்தவர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். 1846இல் அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் நகருக்கு வெளியே டவுன் என்ற மாவட்டத்தில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கொஞ்சகாலம் தொழில் பழகினார். அப்பா கச்சாரில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பங்கு வாங்கியிருந்தார். 1864இல் பையனைக் கப்பலேற்றி அங்கே அனுப்பிவைத்தார்கள். பையனுக்கு அப்போது பதினேழு வயது.

கச்சார் என்பது இன்றைய அசாமின் தெற்கு மூலை. 1860களின் தொடக்கத்தில் அங்கே தேயிலைப் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. தேயிலைச் செடியைக் கண்ணால் பார்க்காதவர்கள் எல்லாம் லண்டனிலும் கல்கத்தாவிலும் உட்கார்ந்துகொண்டு தோட்டப் பங்குகளை வாங்கி விற்றார்கள். காட்டை வெட்டிச் சாய்த்து, பாதி நட்டு, முழுத் தோட்டம் என்று விற்றவர்களும் உண்டு. 1866 வாக்கில் எல்லாம் மொத்தமாகச் சரிந்தது. டேவிட்சன் போய் இறங்கியது இந்தச் சரிவுக்குக் கொஞ்சம் முன்னால்.

அதே வருடங்களின் இன்னொரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1863 மே முதல் 1866 மே வரையிலான மூன்று வருடத்தில் ஏறத்தாழ 85,000 தொழிலாளர்களை அசாம் பகுதித் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 1866 ஜூன் இறுதியில் தோட்டங்களில் எண்ணியபோது இருந்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். மீதிப் பேர் இறந்துபோனார்கள், இல்லை ஓடிப்போனார்கள். காலரா, காய்ச்சல், பட்டினி. இயந்திரம் எப்படி வந்தது என்று எழுதுகிறவர்கள், வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்று ஒரு வரியில் கடந்து போவார்கள். அந்தப் பற்றாக்குறைக்குள் இருந்தது இதுதான்.

சரி, அந்தக் காலத்தில் தேயிலை செய்தது எப்படி? சீனாக்காரர்களிடம் கற்ற முறை அப்படியே நடந்துகொண்டிருந்தது. கொழுந்தை மூங்கில் தட்டுகளில் பரப்பி வாடவிடுவார்கள். வாடியதை மேசைமேல் வைத்துக் கையால் உருட்டுவார்கள். ஆள் வரிசையாக நின்று, உடம்பின் எடை முழுவதையும் கையில் ஏற்றி, இலையின் சாறு வெளியே கசியும்வரை உருட்ட வேண்டும். அதைக் குவித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் பச்சை போய் செம்பு நிறம் ஏறும். அந்த நிறம் வந்ததும் உடனே சூடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நிறம் ஏறிக்கொண்டே போய் இலை புளித்துக் கெட்டுவிடும். சூடு காட்ட இருந்தது கரியடுப்பு. தரையில் வரிசையாகக் குழி அடுப்புகள், அதில் மரக்கரித் தணல், மேலே இலை பரப்பிய தட்டு. ஒருவர் தட்டை எடுத்து, இலையைக் கிளறி, மறுபடியும் வைத்துக்கொண்டே இருப்பார். மூடிய கூடாரத்துக்குள் நாள் முழுக்கக் கரிப்புகையும் அனலும்.

இதில் போன மரத்தின் கணக்கைத் தேயிலை வரலாறு எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பவுண்டு தேயிலை காய 8 பவுண்டு நல்ல மரம் கரியாக வேண்டியிருந்ததாம். அசாமிலும் கச்சாரிலும் காடு அழிந்ததற்குச் செடி நட்டது மட்டும் காரணமில்லை. நட்ட செடியின் இலையைக் காயவைக்கவும் காடுதான் எரிந்தது.

டேவிட்சன் இந்தக் கூடாரத்தில்தான் தொழில் கற்றார். வந்து கொஞ்சகாலத்திலேயே மேனேஜர் ஆனார், சில வருடத்தில் தோட்டமே அவர் கைக்கு வந்தது. என் பார்வையில் அவருடைய பிற்கால வெற்றிக்கு இதுதான் அடிப்படை. இயந்திரம் செய்கிற பெரிய பெரிய கம்பெனிகள் இங்கிலாந்தில் ஏராளமாக இருந்தன. நீராவி என்ஜினில் தலைகீழாக நிற்கக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அரைகுறையாகக் காய்ந்த இலை மூன்று மாதக் கப்பல் பயணத்தில் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. டேவிட்சனுக்குத் தெரியும், அந்த நஷ்டம் அவர் பையிலிருந்து போனது.

காயவைப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்கிறேன். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. மீதி மூன்றரைக் கிலோவும் ஆவியாகி ஆகாயத்துக்குப் போக வேண்டிய தண்ணீர். வாட்டும்போது ஒரு பங்கு போகும், மீதி ட்ரையரில் போக வேண்டும். முடிவில் தூளில் மூன்று சதவீத அளவு ஈரம்தான் நிற்கலாம். உள்ளே அனுப்பும் காற்று 100 டிகிரியை ஒட்டி இருக்கும். இலை உள்ளே இருப்பது இருபது நிமிடம், கொஞ்சம் கூடுதல் குறைவு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளே போகும் காற்றின் தெர்மாமீட்டரையே முறைத்துக்கொண்டு நிற்பேன். ட்ரையர் பார்த்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் வந்து, "தம்பி, போற சூட்டைப் பார்க்காதே. வெளியே வர்ற காத்தைப் பாரு. அதுதான் இலை என்ன சொல்லுதுன்னு சொல்லும்" என்றார். மேல்தட்டில் கையை நீட்டி அந்த ஈரக்காற்றைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வெளியேறும் காற்று ஐம்பது டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் இலை காயாமல் உள்ளேயே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கோப்பையில் ஊற்றினால் உயிரில்லாத டீ. ரொம்ப ஏறினால் இலையின் மேல்தோல் சட்டென்று இறுகி ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், பெட்டியில் போட்டு வைத்தால் பூசணம் பிடிக்கும். அப்புறம், கீழ்வாயில் விழும் தூளில் ஒரு பிடி எடுத்து விரலால் அழுத்தச் சொல்வார். நொறுங்கினால் சரி. வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இன்று ஈரம் அளக்க மீட்டர் இருக்கிறது, ஆனாலும் எல்லாரும் முதலில் விரலால்தான் பார்க்கிறோம்.

வேலையைச் செய்வது சூடு என்றுதான் யாருக்கும் தோன்றும். கரியடுப்பிலும் சூட்டுக்குக் குறைவில்லை. அங்கே குறைந்தது ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும் காற்று. டேவிட்சன் பிடித்த நூல் அதுதான்.

கச்சாரில் இருந்தபோதே பல மாதிரிகளைச் செய்து பார்த்தார். 1870களின் நடுவில் தோட்டத்தை விற்றுவிட்டு பெல்ஃபாஸ்ட் திரும்பினார். சொந்தத் தொழிற்சாலை இல்லாததால் அந்த ஊரில் நூற்பு இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த கூம், பார்பர் அண்ட் கூம் கம்பெனியிடம் தன் இயந்திரங்களைச் செய்யக் கொடுத்தார். 1877இல் முதல் சிரோக்கோ ட்ரையர் வந்தது. அமைப்பு ரொம்ப எளிமை. கீழே ஒரு அடுப்பு. அடுப்பின் புகை குழாய் வழியாகத் தனியே வெளியேறிவிடும், இலையைத் தொடாது. அந்தக் குழாய்களின் வெளிப்பக்கத்தை உரசிச் சூடான சுத்தக் காற்று தானாக மேலே எழும்பி, அடுக்கடுக்கான கம்பிவலைத் தட்டுகளின் ஊடே போகும். விசிறி இல்லை, என்ஜின் இல்லை. சூடான காற்று மேலே போகும் என்ற ஒரே விஷயத்தை நம்பிய பெட்டி.

அந்த எளிமைதான் அதை விற்றுக்கொடுத்தது. அன்றைய தோட்டங்கள் பலவற்றில் நீராவி என்ஜின் கிடையாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. சிரோக்கோவைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கொண்டுவந்து மலையில் பூட்டிவிடலாம். விறகோ நிலக்கரியோ எது கிடைக்கிறதோ அதைப் போடலாம். தேயிலையில் புகைவாசம் ஏறாது. 1881இல் டேவிட்சன் லேகன் ஆற்றின் கிழக்குக் கரையில், பிரிட்ஜ் எண்ட் என்ற இடத்தில் சொந்தமாக சிரோக்கோ ஆலையைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஆரம்பித்த இடம்.

இந்த இடத்தில் போட்டியாளரையும் சொல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். வில்லியம் ஜாக்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் அசாமில் தோட்டத்தில் வேலை பார்த்தவர்தான். 1870களின் தொடக்கத்தில் கையால் உருட்டுவதற்குப் பதிலாக ரோலரைச் செய்தார். அவருடைய இயந்திரங்களை இங்கிலாந்தில் கெய்ன்ஸ்பரோ ஊரின் மார்ஷல் அண்ட் சன்ஸ் கம்பெனி தயாரித்தது. பிரம்மபுத்திராவில் படகு மணல்திட்டில் சிக்கி நின்றபோது கரையில் இறங்கி நடந்த ஜாக்சன், அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு என்ஜினில் மார்ஷல் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டாராம். கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தும் இருக்கலாம். ரோலரோடு நிறுத்தாமல் ஜாக்சனும் ட்ரையர் செய்தார். டேவிட்சனும் ரோலர் செய்தார். ஆனாலும் ரோலர் என்றால் ஜாக்சன், ட்ரையர் என்றால் டேவிட்சன் என்றுதான் பெயர் நின்றது. இருவருமே தோட்டத்திலிருந்து புறப்பட்டவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தலைமுறை இயந்திரங்களால் என்ன மிச்சமானது என்பதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள். 1872இல் ஒரு பவுண்டு தேயிலை செய்ய 11 பென்ஸ் ஆனது. 1913 வாக்கில் அது மூன்று பென்ஸுக்குள் வந்துவிட்டது. 8,000 ரோலர்கள் 15 லட்சம் ஆட்களின் வேலையைச் செய்தன என்றும் எழுதியிருக்கிறார்கள். பென்ஸ் கணக்கை நம்பலாம். அந்த 15 லட்சம் பேர் கணக்கைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். இயந்திரம் வந்ததால் தோட்டத்தில் ஆள் குறைந்ததா? நடந்தது நேர்மாறு. பேக்டரிக்குள் விலை குறைந்ததும் மலைக்கு மலை தேயிலை ஏறியது. கொழுந்து பறிக்க அன்றும் கைதான், அநேக இடங்களில் இன்றும் கைதான். உள்ளே குறைந்த ஆளைவிட வெளியே கூடிய ஆள் பல மடங்கு.

இலங்கையில் இது பளிச்சென்று தெரியும். 1869இல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. அடுத்த இருபது வருடத்தில் காப்பித் தோட்டங்கள் அடியோடு போயின. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867லேயே தேயிலை நட்டிருந்தார். அவருடைய பேக்டரி என்பது பங்களா வராந்தாதான். மேசையில் கையுருட்டு, மண் அடுப்பில் கரித்தணல், மேலே கம்பித்தட்டு. இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போன முதல் தேயிலைச் சரக்கு, 1873இல், வெறும் 23 பவுண்டு. 1875இல் தீவில் தேயிலை நிலம் ஆயிரம் ஏக்கர் அளவு. 1895இல் அது 3 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

வராந்தா அடுப்பை வைத்துக்கொண்டு இருபது வருடத்தில் இந்த வேகம் சாத்தியமே இல்லை. ஸ்டோர் என்ற கட்டடமும், அதற்குள் ரோலரும் ட்ரையரும் இருந்ததால் நடந்தது. காப்பிக் காலத்தில் பழம் பழுக்கும் பருவத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து போய், முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்குப் பருவம் கிடையாது, வாரா வாரம் துளிர்க்கும். பறித்த அன்றே ஸ்டோருக்குப் போயாக வேண்டும், ட்ரையர் நிற்காமல் ஓடியாக வேண்டும். அதனால் குடும்பத்தோடு லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தாக வேண்டும் என்று ஆனது. மலையகத் தமிழர் என்று ஒரு சமூகம் அங்கேயே வேர்விட்டதற்கு கங்காணி, கடன், கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகவிடும் துண்டுச் சீட்டு முறை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. இந்த இரும்புப் பெட்டியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய பேக்டரி ஒன்றைத் தேயிலை அருங்காட்சியகமாக்கி, பழைய இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் ஒருமுறை ட்ரையர் முன்னாலும் நில்லுங்கள்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். முதல் சிரோக்கோவில் காற்று தானாக மேலே போனது. அது போகிற வேகத்தில்தான் இலை காயும், அவசரப்படுத்த முடியாது. தோட்டம் பெருகி ஸ்டோருக்கு வரும் கொழுந்து கூடக்கூட, காற்றைத் தள்ள வேண்டிய தேவை வந்தது. காற்றை மேலிருந்து கீழே இழுக்கும் ட்ரையர்களை டேவிட்சன் செய்தார். இழுக்க விசிறி வேண்டும். அன்று இருந்த விசிறிகள் பெரிய சக்கரத்தில் நாலைந்து அகலமான பலகைகளை மாட்டியவை. பேய்த்தனமாக இடத்தை அடைக்கும், அதிரும், தின்கிற சக்திக்கு ஏற்ற காற்றைத் தராது. ஏற்கெனவே இருக்கும் விசிறியைத் திருத்திப் பார்க்கத் தொடங்கியவர், கடைசியில் புதிதாக ஒன்றையே செய்துவிட்டார். 1898இல் காப்புரிமை வாங்கினார்.

அந்த விசிறி பார்வைக்கு அணில் கூண்டில் ஓடும் சக்கரம் மாதிரி இருக்கும். நடுவில் வெற்றிடம், சுற்றி விளிம்பில் மட்டும் மெல்லிய, நீளமான இதழ்கள் அறுபதுக்கு மேல். ஒவ்வொரு இதழும் சுற்றும் திசையை நோக்கியே முன்பக்கம் வளைந்திருக்கும். இந்த முன்வளைவில்தான் சூட்சுமம். நேரான பலகை காற்றைத் தன் வேகத்துக்குத் தள்ளும். முன்வளைந்த இதழ் காற்றைக் கோரி எடுத்து, தன் விளிம்பு ஓடும் வேகத்தைவிட அதிக வேகத்தில் முன்னால் வீசும். அதனால் அதே அளவு காற்றை, சின்னச் சக்கரத்தில், குறைந்த சுற்றில் எடுத்துவிடலாம். இடம் மிச்சம், இரைச்சல் கம்மி.

இடம் மிச்சம் என்றதும் யாருக்கு நாக்கில் எச்சில் ஊறும்? கப்பல் கட்டுகிறவர்களுக்கு. பெல்ஃபாஸ்ட் அப்போது உலகின் பெரிய கப்பல் கட்டும் ஊர்களில் ஒன்று. டைட்டானிக் கப்பலின் கொதிகலன் அறைகளுக்குக் காற்று தள்ளியவை சிரோக்கோ விசிறிகள். அந்தக் கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளம் சிரோக்கோ ஆலையிலிருந்து அதிக தூரமில்லை. அப்புறம் சுரங்கங்கள். பூமிக்கடியில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல காற்றை இறக்கவும், விஷக்காற்றை வெளியே எடுக்கவும் இந்த விசிறிகள் போயின. பெல்ஃபாஸ்டின் ராயல் விக்டோரியா மருத்துவமனை 1903இல் திறக்கப்பட்டது. கட்டடம் முழுவதற்கும் காற்றை ஈரப்பதம் பார்த்து, சூடு பார்த்து அனுப்பிய ஆரம்பகாலக் கட்டடங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அங்கே வெளிக்காற்றைச் சுத்தப்படுத்த, தண்ணீர் சொட்டும் தென்னை நார்க் கயிறுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றின் ஊடே இழுத்தார்கள். நம் ஊரில் வெட்டிவேர்த் தட்டி நனைப்பதை அறிந்தவர்களுக்கு இதைப் படித்தால் முகம் மலரும்.

கவனித்தீர்களா, கம்பெனியின் தொழில் மெதுவாகத் தேயிலையிலிருந்து காற்றுக்கு நகர்ந்துவிட்டது. ட்ரையரும் நிற்கவில்லை. தட்டுகளை ஆள் எடுத்து வைப்பது போய், முடிவில்லாத சங்கிலியில் தட்டுகள் தானாக நகரும் ட்ரையர் வந்தது. மேலே இலையைக் கொட்டினால், ஓரத்துக்கு வந்ததும் தட்டு கவிழ்ந்து கீழ்வரிசையில் போடும். இப்படியே இறங்கி இறங்கி அடியில் தூளாக விழும். கீழிருந்து விசிறி காற்றை அழுத்தித் தள்ளும். நாங்கள் ஈ.சி.பி. என்று சொல்வது இதைத்தான். ரோலரில் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை நடக்கிற இடங்களில் இன்னும் ஓடுகிறது. அதன் சங்கிலிப் பின் தேய்ந்து, நடுராத்திரியில் ஒரு தட்டு சரிந்து, உள்ளே இருக்கும் இலை முழுவதும் கருகுவதைப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் பெரிய மரியாதை இருக்காது. இருந்தாலும் யோசனை நல்ல யோசனைதான்.

முதல் உலகப்போர் டேவிட்சனின் வீட்டுக்குள் வந்தது. தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் ஜேம்ஸ், அல்ஸ்டர் படைப்பிரிவில் கேப்டனாகப் போய், சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று இறந்தார். போர் முடிந்ததும் ஊருக்குள் வேறு சண்டை. 1920 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் கப்பல் தளத்திலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்களைப் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் அடித்து விரட்டினார்கள். அது பக்கத்து ஆலைகளுக்கும் பரவியது. சிரோக்கோ ஆலையும் அதில் ஒன்று. ஆலைச் சுவரை ஒட்டியே ஷார்ட் ஸ்ட்ராண்ட் என்ற கத்தோலிக்கக் குடியிருப்பு இருந்தது. அந்த மக்களுக்கு அந்த வாசலில் வேலை கிடைப்பது அதற்குப் பிறகும் வெகுகாலம் அரிதாகவே இருந்தது. கம்பெனி வரலாறுகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை. உலகத்தின் எந்த மூலைக்கும் காற்று அனுப்பிய ஆலை, அடுத்த தெருக்காரனை உள்ளே விடவில்லை.

1921 ஜூனில் வட அயர்லாந்து நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டேவிட்சனுக்கு சர் பட்டம் கொடுத்தார். ஆகஸ்டில் டேவிட்சன் இறந்துபோனார்.

அதற்குப் பிந்திய கதை இழுத்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. காலனிகள் போயின. இந்தியாவில் தேயிலை இயந்திரங்களை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1930இல் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் கொண்டுவந்த சி.டி.சி. இயந்திரம் தேயிலை செய்யும் முறையையே மாற்றியிருந்தது. இலையை உருட்டாமல், பல்லுள்ள இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவது. நாம் தினமும் குடிக்கும் பால் டீயின் மணிமணியான தூள் அந்த வழியில் வருவதுதான். அந்தத் தூளுக்குச் சங்கிலித் தட்டு பொருந்தாது, ஓட்டை வழியாகக் கொட்டும். துளைத் தகட்டின் அடியிலிருந்து காற்றை வேகமாக அனுப்பி, தூளை அந்தரத்தில் மிதக்கவிட்டே காயவைக்கும் ட்ரையர் பிறகு வந்தது. 'எஃப்.பி.டி.' என்போம். நீலகிரியில் சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கும் பேக்டரிகளில் இன்று இதுதான் அநேகம். சங்கிலியும் இல்லை, தட்டும் இல்லை.

பெல்ஃபாஸ்ட் கம்பெனியை 1988இல் கிளாஸ்கோவின் ஹௌடன் வாங்கியது. அவர்களும் கப்பல் கொதிகலனுக்குக் காற்றுத் தள்ளிப் பெயர் வாங்கியவர்கள்தான். பிரிட்ஜ் எண்டில் இருந்த ஆலையை மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். ஆற்றோரம், நகரத்தின் நடுவில், அந்த இடம் வெகுகாலம் காலியாகக் கிடந்தது. அடுக்குமாடி வரும், அலுவலகம் வரும் என்று திட்டத்துக்கு மேல் திட்டம் போட்டார்கள்.

பெயர் மட்டும் விசிறியோடு ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. ஜப்பானில் சமையலறைப் புகையை இழுக்கும் விசிறியைக் கடையில் 'சிரோக்கோ ஃபேன்' என்றுதான் கேட்பார்கள். காருக்குள் ஏ.சி. காற்றைத் தள்ளும் சின்னச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், அதே அணில் கூண்டு, அதே முன்வளைந்த இதழ்கள். கச்சாரின் கரியடுப்பிலிருந்து பிறந்த சமாச்சாரம் அது என்று அதை விற்கிறவர்களுக்கும் தெரியாது.

பராமரிப்பு ஆளாக எனக்கு அந்த விசிறியோடு இரண்டு வழக்கு உண்டு. ஒன்று, தேயிலையின் பஞ்சுத்தூசி இதழ்களின் உள்வளைவில் போய் அப்பிக்கொள்ளும். எல்லா இதழிலும் ஒரே அளவாக அப்பினாலாவது பரவாயில்லை, ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். சக்கரம் ஆடத் தொடங்கும், பேரிங் போகும். அறுபது சொச்சம் இதழையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும், கை உள்ளே முழுசாக நுழையாது. இரண்டு, இந்த வகை விசிறிக்குக் காற்றை எதிர்க்க முன்னால் ஏதாவது இருக்க வேண்டும். யாராவது ட்ரையர் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால், தடை இல்லாத சந்தோஷத்தில் அளவுக்கு மீறிக் காற்றை அள்ளும். மோட்டார் அதிக கரண்ட் இழுத்து ட்ரிப் ஆகிவிடும். புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் மோட்டாரில் கோளாறு என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். எங்கள் பேக்டரியில் கடைசியாக வாங்கிய ட்ரையரில் பின்பக்கம் வளைந்த, எண்ணிக்கையில் குறைந்த இதழ்கள் உள்ள விசிறிதான் மாட்டியிருக்கிறது. தூசி நிற்பதில்லை, கரண்டும் கொஞ்சம் கம்மியாக இழுக்கிறது. சத்தம் மட்டும் பழையதைவிடக் கூடுதல்.